தூதர்கள் மனித உரிமைக்காக உண்மையில் என்ன செய்ய முடிகிறது?

நூலகப்படி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு கலைக் கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையை நடத்திக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்ட கேள்விக்கு என்னால் நிறைவான பதில் சொல்ல இயலவில்லை. அந்த உடன்படிக்கையின் 41ஆம் பிரிவு, தூதர்கள் தாம் பணியாற்றும் நாட்டின் உள்விவகாரங்களில் தலையிடக் கூடாது என்பதைக் கடமையாகவே விதிக்கிறது. 9ஆம் பிரிவோ, காரணம் எதையும் சொல்லாமலே ஒரு தூதரை விரும்பத்தகாதவர் என்று அறிவித்துத் திருப்பி அனுப்பும் உரிமையை அந்த நாட்டுக்குத் தருகிறது. அப்படியிருக்க, உலகெங்கும் மனித உரிமைகளை வளர்க்கத் தூதர்கள் பாடுபடுகிறார்கள் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதற்கு என்ன பொருள், 'ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறோம்' என்று அறிக்கை விடுவதற்கு மேல் அவர்களால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள்.

அந்த நேரத்தில் கைக்கு வந்த சான்று அன்சா மேத்தாதான். ஐ.நா. மனித உரிமை ஆணையத்தில் இந்தியாவின் சார்பில் அமர்ந்திருந்த அவர், உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவில் 'ஆண்கள்' என்றும் பொருள்படக்கூடிய ஆங்கிலச் சொல்லை மாற்றி, மனிதப் பிறவிகள் அனைவரையும் குறிக்கும் சொல்லை இடம்பெறச் செய்தார் என்று சொன்னேன். தமிழில் 'மனிதர்' என்றாலே இருபாலரும் அடங்கிவிடுவதால், அந்த மாற்றத்தின் கனம் வகுப்பில் யாருக்கும் உறைக்கவில்லை. தவிர, அவள் கேட்டது மாநாட்டு மண்டபத்தைப் பற்றி அன்று. ஒரு சர்வாதிகார நாட்டின் தலைநகரில், சாதாரண மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் அலுவலரைப் பற்றி. அத்தகைய ஒருவர் நாள்தோறும் என்ன செய்தார், அதனால் என்ன நடந்தது என்று தெளிவாகக் காட்டக்கூடிய நிகழ்வு ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள். தமிழில் இந்தப் பேச்சை எடுத்தால் நேரே ஜெனீவா வாக்கெடுப்புக்குப் போய்விடும் என்பதை அறிவேன். அதற்கென்று இங்கே வேறு திரிகள் இருப்பதால், இதை அந்தப் பக்கம் திருப்பாமல் இருந்தால் நன்று.

தபால்தலை

உங்கள் மாணவிக்கு அர்ஜென்டினாவைக் காட்டுங்கள். 1976 மார்ச் 24 அன்று அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், இளைஞர்களும் தொழிற்சங்கத்தாரும் மாணவர்களும் இரவோடிரவாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். காவல் நிலையத்தில் கேட்டால் அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்பார்கள். 1977இல் டெக்ஸ் ஹாரிஸ் என்ற அமெரிக்க அரசியல் பிரிவு அலுவலர் புவெனஸ் ஐரிஸ் தூதரகத்துக்கு வந்து சேர்ந்தார். ஆறரை அடிக்கும் மேற்பட்ட உயரம் கொண்ட அவரை எந்தக் கூட்டத்திலும் தேட வேண்டியதில்லை. மனித உரிமை நிலவரத்தைக் கவனிப்பது அவருக்கு ஒதுக்கப்பட்ட வேலை. அவர் செய்த முதல் காரியம், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தூதரகத்துக்குள் வருவதற்கு அனுமதி பெற்றதுதான். பிறகு, பிள்ளைகளைத் தேடும் தாய்மார் வெள்ளை முக்காட்டுடன் வாரந்தோறும் சுற்றி நடந்த பிளாசா தே மாயோ சதுக்கத்துக்கே போய், தம் பெயர் அட்டையைக் கொடுத்து, தூதரகத்துக்கு வந்து சொல்லுங்கள் என்று அழைத்தார்.

வார நாள்களில் பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை அவர்கள் வந்தார்கள். யார், எப்போது, எங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டார் என்பதை, ஓர் உதவியாளரின் துணையோடு, அட்டைகளில் ஒவ்வொன்றாக எழுதிவைத்தார். ஊருக்குத் தெரியாமல் நடந்த வேலையன்று இது. தூதரக வாசலுக்கு யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்பதை ஆட்சியாளர்கள் எளிதில் பார்த்திருக்க முடியும். அதைத் தெரிந்துகொண்டுதான் அந்தத் தாய்மாரும் தந்தையரும் வந்தார்கள். இப்படிச் சேர்ந்த முறையீடுகள் ஏறத்தாழ 13,500. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒருவர் பெயர் ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தில் பதிவாகிவிட்டால், அவர் பிறக்கவே இல்லை என்பதுபோல் அரசு பேசுவது கொஞ்சம் கடினமாகிவிடுகிறது.

அட்டைகள் அட்டைகளாகவே கிடக்கவில்லை என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். அமெரிக்க நிறுவனம் ஒன்று, அணைத்திட்டத்துக்கான மின்சுழலிகளை அர்ஜென்டினாவுக்கு விற்க அமெரிக்க அரசு வங்கியின் கடனுதவியை எதிர்பார்த்திருந்தது. வாங்கும் தரப்புக்குப் பின்னால் இருந்தது அந்நாட்டுக் கடற்படை, அதாவது சித்திரவதை முகாம் நடத்திய அதே கடற்படை என்பதை ஹாரிஸ் கண்டுபிடித்தார். தூதரகத்தில் அவருடைய மேலதிகாரிகள் அதைத் தந்தியாக அனுப்ப விரும்பாதபோது, வேறு வழியாக வாஷிங்டனுக்கு எட்டச் செய்தார். 1978இல் கடன் நிறுத்தப்பட்டது. கடன் வேண்டுமானால், வட, தென் அமெரிக்க நாடுகள் சேர்ந்து அமைத்த மனித உரிமை ஆணையத்தை நாட்டுக்குள் அனுமதிக்க வேண்டும் என்ற பேரம் அதன்பின்தான் நடந்தது; 1978 செப்டம்பரில் ரோமில் அமெரிக்கத் துணை அதிபர் மாண்டேல், இராணுவத் தலைவர் விதேலாவைச் சந்தித்தபோது அது முடிவாயிற்று. 1979 செப்டம்பரில் ஆணையம் வந்து இறங்கியபோது, மூன்றாண்டுகளாகக் கேட்க ஆளில்லாமல் இருந்த குடும்பங்கள் புவெனஸ் ஐரிஸில் நீண்ட வரிசையில் நின்று புகார் கொடுத்தன.

உங்கள் மாணவி பிடித்துக்கொண்ட 41ஆம் பிரிவுக்குப் பதில் அதே உடன்படிக்கையின் 3ஆம் பிரிவில் இருக்கிறது. பணியாற்றும் நாட்டின் நிலைமைகளைச் சட்டப்படியான வழிகள் அனைத்தினாலும் அறிந்து தம் அரசுக்கு எழுதுவது தூதரகத்தின் பணி என்று அது சொல்கிறது. ஹாரிஸ் எந்தக் கூட்டத்திலும் முழக்கமிடவில்லை. தம்மிடம் வந்தவர் சொன்னதை எழுதினார், எழுதியதை அனுப்பினார்.

எதிர்க்கரை

தபால்தலை ஐயா எழுதியது சுவையாக இருந்தது; ஆனால் கதையைப் பாதியில் தொடங்கியிருக்கிறார். ஹாரிஸ் வருவதற்கு ஓராண்டுக்கு முன், 1976 ஜூன் மாதம் சாந்தியாகோவில், அதே அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சர் அர்ஜென்டினாவின் வெளியுறவு அமைச்சரைச் சந்தித்து, செய்ய வேண்டியவை இருந்தால் விரைந்து செய்து முடித்துவிடுங்கள் என்ற பொருளில் பேசியது இன்று வெளியாகியுள்ள ஆவணத்தில் இருக்கிறது. அவரும் இராஜதந்திரிதானே? 1977இல் கார்ட்டர் அதிபரானதும், மனித உரிமைப் பிரிவுக்குப் பட்ரீசியா டெரியன் பொறுப்பேற்றதும் நடந்திராவிட்டால், ஹாரிஸின் அட்டைகளை வாஷிங்டனில் யார் படித்திருப்பார்கள்? படிக்க விரும்பும் கண் மேலே இருந்தது. அதனால் கீழே எழுதிய கைக்கு மதிப்பு வந்தது.

மேலே கண் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, இன்றைய வங்காளதேசம் கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த 1971ஆம் ஆண்டின் டாக்கா சாட்சி. மார்ச் 25 இரவு பாகிஸ்தான் இராணுவம் டாக்காவில் தாக்குதலைத் தொடங்கியது. அங்கே அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் தலைவராக இருந்த ஆர்ச்சர் ப்ளட், பல்கலைக்கழக விடுதியில் நடந்த கொலைகள், இந்துக்கள் குறிவைக்கப்பட்டது ஆகியவற்றை நாள்தோறும் தந்தியில் எழுதினார். மார்ச் 28ஆம் நாள் அனுப்பிய தந்திக்கு 'தேர்ந்தெடுத்து நடத்தப்படும் இன அழிப்பு' என்ற பொருளில் தலைப்பே வைத்தார். ஏப்ரல் 6 அன்று, தம் அரசு மக்களாட்சி நசுக்கப்படுவதையும் கொடுமைகளையும் கண்டிக்கத் தவறிவிட்டது என்று நேருக்கு நேராகச் சொல்லும் தந்தி, ப்ளட் உட்பட இருபது பேரின் கையெழுத்தோடு போனது. கிடைத்தது என்ன? நிக்சனும் கிஸ்ஸிஞ்சரும் அவரைத் திருப்பி அழைத்து, பணியாளர் பிரிவில் ஒரு மேசையில் உட்கார வைத்தார்கள். சீனாவுக்கு இரகசியமாகப் போகப் பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கானின் வழி அப்போது அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஜூலையில் கிஸ்ஸிஞ்சர் அந்த வழியாகவே பீக்கிங் போனார். கொலைகள் டிசம்பர் வரை நடந்தன. ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். போர்தான் அதை முடித்ததே தவிர, தந்தி முடிக்கவில்லை.

ஆகவே உங்கள் மாணவியிடம், 'தூதர்கள் மனித உரிமையை வளர்க்கிறார்கள்' என்ற வாக்கியத்துக்கு எழுவாயே தவறு என்று சொல்லுங்கள். அரசுகள் விரும்பும்போது தூதர்கள் வழியாகச் செய்கின்றன. விரும்பாதபோது அதே தூதரை மூலையில் உட்கார வைக்கின்றன.

கடல்தாண்டி

பெரிய பெரிய ஆவணங்களுக்கு நடுவில் என் சிறிய அனுபவத்தைச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு வளைகுடா நாட்டில் பதினோரு ஆண்டுகள் கட்டுமானத் தளத்தில் கணக்கெழுதும் வேலை பார்த்தேன். எங்கள் நிறுவனம் ஆறு மாதம் சம்பளம் கொடுக்காமல் இழுத்தடித்தது. வந்த அன்றே வாங்கிவைத்துக்கொண்ட பாஸ்போர்ட்டுகளையும் தர மறுத்தது. முகாமில் இருந்த பத்துப் பதினைந்து பேர் ஒரு வெள்ளிக்கிழமை வாடகை வண்டி பிடித்து, நம் தூதரகத்தில் நடந்த குறைகேட்புக்குப் போனோம்.

அங்கிருந்த அலுவலர் மனித உரிமை என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. எங்கள் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் எண்ணையும், நிறுவனத்தின் உரிம எண்ணையும், கடைசியாகச் சம்பளம் வந்த மாதத்தையும் கேட்டு ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதினார். எண் நினைவில் இல்லாதவர்களிடம், ஊரில் வீட்டுக்குப் போன் போட்டுக் கேளுங்கள், பெட்டியில் நகல் இருக்கும் என்றார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் தன் அம்மாவிடம், டிரங்குப் பெட்டியின் அடியில் பாரம்மா என்று கத்திக்கொண்டிருந்தது இன்னும் காதில் இருக்கிறது. அந்தத் தாள் அங்குள்ள தொழிலாளர் துறைக்குத் தூதரக முத்திரையோடு போனது. ஏழு வாரத்தில் பாஸ்போர்ட் வந்தது. சம்பளம் பாதிதான் வந்தது. பாஸ்போர்ட் கிடைக்காத இரண்டு பேருக்கு, அதற்குப் பதிலாக ஊர் திரும்ப மட்டும் உதவும் அவுட்பாஸ் எழுதிக்கொடுத்து ஊருக்கு அனுப்பிவைத்தார்கள்.

இதே அலுவலர், தொழிலாளியை வேலைக்கு அழைத்த முதலாளியோடு கட்டிப்போடும் அந்த நாட்டின் கஃபாலா முறையைக் கண்டித்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் நாங்கள் கைதட்டியிருப்போம். எங்கள் தாள் எந்த மேசையிலும் நகர்ந்திருக்காது. அதற்காக அவர் வாயை மூடிக்கொண்டது சரி என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அடுத்த விமானத்தில் இன்னொரு கூட்டம் வந்து அதே முறையில் மாட்டிக்கொண்டதை நான் பார்த்தேன். எதிர்க்கரை நண்பர் சொல்வதுபோல் அரசின் விருப்பம் பெரிதுதான். ஆனால் அந்தக் கட்டம் போட்ட தாளை எழுதும்படி அந்த அலுவலருக்கு டெல்லியிலிருந்து அன்று காலை எந்த உத்தரவும் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

வழக்குரைஞர்\_மேலவீதி

'உள்விவகாரம்' என்ற சொல்லைக் கல்லில் பொறித்ததுபோல் எல்லோரும் எடுத்துக்கொள்கிறீர்கள். அதன் எல்லை எதுவரை என்பதே தூதர்களின் வாதத்தால் நகர்ந்து வந்தது என்பதை அந்த மாணவிக்குச் சொல்ல வேண்டும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் தமிழர் பெருந்தொகையினர். அவர்கள் வழிவந்தோரும் பிற இந்தியரும் நிலம் வாங்குவதற்கும் குடியிருப்பதற்கும் 1946இல் தென்னாப்பிரிக்கா புதிய தடைச் சட்டம் கொண்டுவந்தபோது, இன்னும் விடுதலைகூடப் பெறாத இந்தியா அதை ஐ.நா. பொதுச் சபைக்குக் கொண்டுபோனது. குழுவுக்குத் தலைமை தாங்கியவர் விஜயலட்சுமி பண்டிட்.

எதிரில் இருந்தவர் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். ஐ.நா. சாசனத்தின் முகப்புரையில் அடிப்படை மனித உரிமைகள் என்ற சொற்கள் இடம்பெறுவதில் பங்குகொண்டவர் அவர். அதே சாசனத்தின் 2(7)ஆம் பிரிவைக் காட்டி, இது எங்கள் வீட்டு விவகாரம், சபை பேசக் கூடாது என்று வாதிட்டார். 1946 டிசம்பர் 8 அன்று 32 வாக்குகள் ஆதரவாகவும் 15 எதிராகவும் விழ, 7 நாடுகள் ஒதுங்கிக்கொள்ள, மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு தீர்மானம் நிறைவேறியது. தென்னாப்பிரிக்கா அதைக் குப்பையில் போட்டது உண்மை. இரண்டே ஆண்டில் இனஒதுக்கல் கொள்கையை முழுவீச்சில் தொடங்கியதும் உண்மை. ஆனாலும், ஓர் அரசு தன் எல்லைக்குள் தன் மக்களை நடத்தும் விதத்தைப் பற்றி உலக சபை பேசலாம் என்ற கதவு அன்று திறந்தது, பிறகு அதை யாராலும் அடைக்க முடியவில்லை. இன்று ஐ.நா.வின் 193 நாடுகளும் நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை மற்ற நாடுகளின் கேள்விகளுக்கு முன்னால் வந்து உட்கார வேண்டியிருக்கிறது. 2008இல் தொடங்கிய இந்த முறையில் கேள்வி கேட்பவர் பெரும்பாலும் தூதரே; பதில் சொல்ல வருவது பெரும்பாலும் அந்த நாட்டு அமைச்சரோ மூத்த அதிகாரியோ தலைமை தாங்கும் குழு. அதில் பாதி சடங்கு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மருதம்

எழுதுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். போய் நிற்பதும் ஒரு வேலைதான். 1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தபோது, சுவீடன் தூதர் அரால்ட் எடல்ஸ்டாம் துப்பாக்கிச் சூட்டுக்கு உள்ளாகியிருந்த கியூபத் தூதரகத்துக்குப் போய் அங்கே சுவீடன் கொடியை ஏற்றினார். தேசிய விளையாட்டரங்கில் அடைக்கப்பட்டிருந்த உருகுவே நாட்டவர் 54 பேரை விடுவித்துக் கொண்டுவந்தார். டிசம்பரில் அவரை விரும்பத்தகாதவர் என்று வெளியேற்றினார்கள். அதாவது மாணவி சொன்ன 9ஆம் பிரிவு அப்படியே வேலை செய்தது. ஆனால் அதற்குள் மூன்று மாதம் ஆகியிருந்தது, அந்த 54 பேர் நாட்டுக்கு வெளியே இருந்தார்கள்.

அண்மைக் காலத்தில் 2020 செப்டம்பர் 9 அன்று பெலாரஸ் தலைநகர் மின்ஸ்க்கில், நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச்சின் வீட்டு வாசல் மணியை அடையாளம் தெரியாதவர்கள் அடித்துக்கொண்டிருந்தபோது, ஐரோப்பிய நாடுகளின் தூதரக அலுவலர்கள் வந்து அவருடைய அடுக்ககத்தில் அமர்ந்துகொண்டார்கள். அன்று அவர் கைதாகவில்லை. அந்த மாதக் கடைசியில் ஜெர்மனிக்குப் போனார்.

நூலகப்படி

அனைவருக்கும் நன்றி. அடுத்த வகுப்பில் 41ஆம் பிரிவையும் 3ஆம் பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்போட்டுத் தொடங்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். கடல்தாண்டி ஐயாவின் கட்டம் போட்ட தாளைக் கரும்பலகையில் வரைந்து காட்ட அனுமதி தருவீர்களா? எதிர்க்கரை அவர்களிடம் ஒரு கேள்வி: ப்ளட்டின் தந்தி 1971இல் எதையும் நிறுத்தவில்லை என்பதை ஏற்கிறேன். அப்படியானால் அதை அனுப்பாமல் இருந்திருந்தாலும் ஒன்றுதான் என்பீர்களா?

தபால்தலை

கேள்வி எனக்கில்லை என்றாலும் இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அர்ஜென்டினாவில் மக்களாட்சி திரும்பியபின் அமைந்த விசாரணை ஆணையம் 1984இல் காணாமல் ஆக்கப்பட்ட 8,960 பேரின் விவரத்தைப் பதிவுசெய்தது. மனித உரிமை அமைப்புகள் 30,000 பேர் என்கின்றன. 2002இல் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் கோப்புகளில் 4,600க்கும் மேற்பட்ட ஆவணங்களை வெளியிட்டபோது, ஹாரிஸ் அன்று எழுதியவையும் அவற்றோடு வந்தன. பின்னாளைய வழக்குகளில் அந்த ஆவணங்கள் சான்றுகளாயின. ஹாரிஸுக்கோ, பணியிலிருந்த காலத்தில் மேலதிகாரிகள் எழுதிய மதிப்பீடுகளால் வேலையே போகும் நிலை வந்தது. அவருடைய துறை அவருக்கு விருது கொடுத்தது 1993இல்.

எதிர்க்கரை

நூலகப்படி அம்மா அல்லது ஐயா, உங்கள் கேள்விக்குப் பதில் எழுத மறுபடி அந்தத் தந்தியைப் படித்தபோது என் தவறு ஒன்று கண்ணில் பட்டது. முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். ஏப்ரல் 6ஆம் நாள் தந்தியில் கையெழுத்திட்ட இருபது பேரில் ப்ளட் இல்லை. அவருக்குக் கீழே பணியாற்றியவர்களும், டாக்காவிலிருந்த மற்ற அமெரிக்க அரசு அலுவலகங்களைச் சேர்ந்தவர்களும்தான் அந்த இருபது பேர். அவர் அதற்கு அடியில் தனியாக ஒரு குறிப்பை எழுதினார்: இந்தக் கருத்து எனக்கும் உடன்பாடே, ஆனால் நான் இந்த அலுவலகத்தின் தலைமைப் பொறுப்பில் இருக்கும்வரை இதில் கையெழுத்திடுவது முறையாகாது என்று நினைக்கிறேன் என்ற பொருளில். அலுவலக ஒழுங்கை அந்த நாளிலும் விடாத மனிதர். அந்தத் தந்திக்கு மிகக் கடுமையான இரகசிய முத்திரையை அவர் வைக்கவில்லை. ஆகவே அது வாஷிங்டனில் பல மேசைகளுக்குப் பரவியது. தெற்காசியப் பிரிவைச் சேர்ந்த ஒன்பது அலுவலர்கள் அதை ஆதரித்துத் தனியே கடிதம் எழுதினார்கள். நிக்சனுக்குக் கோபம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் கேள்விக்கு: ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று வாஷிங்டன் பிற்காலத்தில் சொல்லிக்கொள்வதற்கு அந்த இருபது பேர் இடம் வைக்கவில்லை. டாக்காவில் இருந்தவர்களுக்கு அது அன்று எந்த விதத்திலும் உதவவில்லை என்ற என் கருத்தில் மட்டும் மாற்றமில்லை. அமெரிக்கத் தூதரக நூலகத்துக்கு 2005இல் அங்கே ப்ளட்டின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் 2004இலேயே காலமாகிவிட்டார்.